கருவிழி ஓரத்துச் செம்பு

என் கை இப்போது ஆடுவதில்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்றால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஆள் பிழைத்ததா போனதா என்று பார்த்துவிட்டு வாசிக்கிற பழக்கம் எனக்கே உண்டு. பிழைத்தேன். டம்ளர் தளும்பாமல் காப்பி குடிக்கிறேன். சேலைக்கு நானே ஊக்கு குத்துகிறேன். நான் பேசுவது எதிரே இருப்பவர்களுக்குப் புரிகிறது. புரிவதால் சிலருக்கு வருத்தம்கூட உண்டு, என் வாய் அப்படி.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பரீட்சை முடித்தவள். காலை ஆறு மணி பேட்ச் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று அடித்துப் பழகும்போது, கண்ணை மூடிக்கொண்டே எந்த மெஷினில் எந்த விரல் தப்பு செய்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. இருபத்திநாலு வயதில் அந்தத் திமிருக்கு வேட்டு வந்தது.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கடிதம் அடித்துக் காட்டினேன். எடுத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே மூன்று இடத்தில் ஒரே எழுத்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. மெஷினைக் குறை சொன்னேன். மறுநாள் வேறு மெஷின், அதே இரட்டை எழுத்து. இடது கைச் சுண்டுவிரல் நான் சொல்லாமலே இன்னொரு தட்டு தட்டுகிறது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை அன்றைக்கு வெளியே நிறுத்தினேன். எனக்கு இயல்பாகவே கோபம் வரும். அந்த வருஷம் வந்த கோபத்தில் எது என்னுடையது, எது நோயுடையது என்று வீட்டில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒன்று தெரிந்தது. இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலேயே.

என் அண்ணன் தானியேல் என்னைவிட நாலு வயது மூத்தவன். பத்தொன்பது வயதில் அவன் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு பேச்சு குழறியது. பிறகு நடை. தெருவில் வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் பின்ன வருவான். எங்கள் அப்பா ஞானமுத்து மில் ஒர்க்‌ஷாப்பில் டர்னர், லேத் மெஷினில் இரும்பு கடைகிறவர். அவருடைய அப்பா குடித்தே அழிந்தவர் என்பதால், குடி என்ற சொல்லே அவருக்கு ஆகாது. சாயங்காலம் ஆனால் அண்ணனை வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொல்வார். ஒரு வாடையும் இருக்காது. கொய்யா இலையை மென்றுவிட்டு வருகிறான் என்பார். இரண்டு முறை பெல்ட்டால் அடித்தார். ஒரு முறை வீட்டுக்குள் விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அண்ணனுக்குக் கண் மஞ்சளாகி வயிறு உப்பியது. அம்மாவின் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் போய்விட்டது என்றார்கள். இருபத்தொரு வயதில் ஈரல் போனால் ஊர் என்ன சொல்லும்? அதைத்தான் சொன்னது. அண்ணன் ஒன்பதாம் நாள் போய்விட்டான். சர்ச்சில் இருந்து வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து, கெட்ட சேர்க்கை என்று ஆறுதல் சொன்னார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அண்ணன் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

ஆகவே சுண்டுவிரல் ஆடத் தொடங்கியபோது நான் அதை மறைத்தேன். பேசும்போது கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்வேன். காலையில் எச்சில் ஊறித் தலையணை நனைந்திருக்கும், அம்மா பார்க்கும் முன் திருப்பிப் போடுவேன். சர்ச்சில் பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைப்பேன். மூன்று மாதம் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்புக் கரண்டியைத் தூக்கினேன், இலைக்குப் போகாமல் அப்பாவின் வேட்டியில் போய் விழுந்தது. சுடக்கூடச் செய்தது. அவர் துடைக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை வாயை ஊதச் சொல்லவில்லை. பெண்பிள்ளை குடிக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னை மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இதை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் பையனாகப் பிறந்திருந்தால் எனக்கும் பெல்ட்டுதான்.

ராஜபாளையம் டாக்டர் மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர். அவருடைய அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த வராந்தாவில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு ஏதோ ஒன்று ஆடியது. கை, தலை, கால். என் கையை மறைக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் பொடி தடவிய இட்லியைப் பிரித்து எங்களுக்கும் நீட்டினார். அவர் கையும் ஆடியது, என் கையும் ஆடியது. இட்லி எப்படியோ கை மாறியது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

டாக்டர் என்னைக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், காகிதத்தில் சுருள் போடச் சொன்னார். நான் போட்ட சுருளைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருந்தது. அப்புறம் எம்.ஆர்.ஐ ஸ்கேன். அப்போது அது புதுசு, பேரைக் கேட்டாலே பயம். உடம்பில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது என்று கழற்றச் சொன்னார்கள். குழாய்க்குள் தள்ளிவிட்டுக் கதவை மூடினார்கள். உள்ளே டகடகவென்று ஒரே சத்தம். அசையாதே என்கிறார்கள், எனக்கிருக்கும் நோயே அசைகிற நோய்தானே. இரண்டு முறை படம் கெட்டு, மூன்றாம் முறை மயக்க மருந்து போட்டு எடுத்தார்கள்.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். மூளையில் சாம்பல் நிறப் பகுதி யோசிக்கிறது, உத்தரவு போடுகிறது. வெள்ளைப் பகுதி அந்த உத்தரவைக் கொண்டுபோகிற வயர்கள். வயரின் மேலுறை அங்கங்கே நைந்திருக்கிறது, படத்தில் அது வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. இது அப்பாவுக்கு உடனே புரிந்தது. இன்சுலேஷன் போயிருச்சு என்றார். டாக்டர் தலையாட்டினார். நடுவில் இரண்டு பக்கமும் கருப்பாக இருந்த இடத்தைக் காட்டினார். அசைவுகளைச் சீர்படுத்துகிற இடமாம் அது. அங்கே இரும்பு சேர்ந்திருக்கிறது என்றார். குடும்பத்தில் வழிவழியாக வருகிற ஒரு வகை வியாதி இப்படித்தான் இருக்கும், மெதுவாகக் கூடும், நிறுத்துவதற்கு மருந்து கிடையாது, சத்து மாத்திரை எழுதித் தருகிறேன், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். டார்ச் அடித்துக் கண்ணைக்கூடப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். திருமங்கலம் தாண்டியதும் கம்பியில் இருந்து கையை எடுத்துவிட்டார். இரும்பு என்ற சொல் அவருக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அவர் முப்பது வருஷமாக இரும்பு கடைகிறவர். தன் சட்டையில் ஒட்டி வந்த இரும்புத் தூள்தான் பிள்ளையின் தலைக்குள் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. மில்லிலேயே குளித்துவிட்டு வேறு உடுப்பில்தான் வீட்டுக்கு வருவார். இரும்புக் கட்டில் கொல்லைக்குப் போனது. தோசைக்கல், இரும்புச் சட்டி, அரிவாள்மணை எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. அரிவாள்மணை இல்லாமல் அம்மா வெண்டைக்காயைக் கையால் ஒடித்துக் குழம்பு வைத்தாள். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து என்று எவரோ சொல்ல, கொல்லையில் நின்ற முருங்கை மரத்தையே வெட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. தோசை தின்று நாலு மாதம் ஆயிற்று என்று நான் குழறிக் குழறிச் சண்டை போட்டது நினைவிருக்கிறது.

எங்கள் தோசைக்கல்லை வாங்கி வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் வீட்டுக்காரர். நல்ல மனுஷி. இரும்பு ஆகாது என்றால் செம்பில் தண்ணீர் வைத்துக் குடிக்கட்டும், உடம்பில் இருக்கும் கெட்டதையெல்லாம் செம்பு இழுத்துவிடும் என்று அவர்தான் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்பா அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பாத்திரக் கடையில் ஒரு செம்புக் குடமும் ஒரு செம்பு டம்ளரும் வாங்கிவந்தார். இரவு நிரப்பி வைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர். தானே ஊற்றி, என் கை ஆடும் என்று தானே வாயில் வைத்துக் கொடுப்பார். குடித்து முடிக்கும் வரை நின்று பார்ப்பார். அண்ணனுக்கு ஒரு நாளும் அவர் இப்படி ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததில்லை. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

நாலு மாதத்தில் நான் மோசமானேன். கை ஆடியது போய், நீட்டினால் சிறகடிக்கிற மாதிரி மேலும் கீழும் அடித்துக்கொண்டது. வேலையை விட்டேன். நான் சொல்வது அம்மாவுக்கு மட்டும்தான் புரியும், அவள் எடுத்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்கு. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் அண்ணன் முகம் தெரிந்தது. அவன் கடைசி வருஷத்தில் நான் நிற்கிறேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். சாவைவிட, நான் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களே என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தது. அவளைத் தனியாக விட முடியாது என்று நானும் போனேன். உண்மையில் யார் யாருக்குத் துணை என்று சொல்வது கஷ்டம். அவளுக்குக் கண் தெரியாது, எனக்குக் கால் நிற்காது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம்.

முகாமில் பரிசோதித்தவர் ஒரு இளவயது லேடி டாக்டர். அம்மாவைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்ய வேண்டும், இன்றைக்கே வேனில் மதுரைக்குப் போகலாம் என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். நான் பேனாவை வாங்கினேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, எஸ்தர் ரூபி என்ற என் பெயரைப் போட்டு முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் முனகவில்லை. நான் எழுதி முடிக்கும் வரை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். அம்மா சொன்னாள். கண் பார்க்கிற மெஷின் முன்னால் அம்மா இருந்த ஸ்டூலில் என்னை உட்காரச் சொன்னார்.

முகவாய் நாடியை மெஷினில் இருந்த ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஒரு கோடாக வெளிச்சம் விட்டார். மேலே பார், கீழே பார் என்றார். மறுபடி மேலே. நிறைய நேரம் பார்த்தார். பக்கத்து மேஜையில் இருந்த பெரிய டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்க வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது, கண்ணும் போச்சு என்று நினைத்தேன்.

"கருவிழி ஓரத்துல சுத்தி ஒரு வளையம் இருக்கும்மா. பழுப்பும் பச்சையுமா. வெறும் கண்ணுக்குத் தெரியாது, இந்த மெஷின்லதான் தெரியும்" என்றார். "அது செம்பு. உடம்புல செம்பு சேர்ந்துபோச்சுன்னா இப்படி வரும். கையும் பேச்சும்கூட அதனாலதான் இருக்கும்."

அம்மா, இரும்பு என்றுதானே மதுரையில் சொன்னார்கள் என்றாள்.

"செம்புதான்னு உறுதியானா, இதுக்கு மருந்து இருக்கும்மா."

மருந்து இருக்கு. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நாடியை அந்தத் தாங்கியில் இருந்து எடுக்காமலே அழுதேன், மெஷின் நனைந்துபோய் ஒருவர் வந்து துடைத்தார். அம்மா அன்றைக்கு வேனில் ஏறவில்லை. என் கண்ணு கெடக்கட்டும், மொதல்ல இவளப் பாப்போம் என்று அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். லேடி டாக்டர் மதுரை நரம்பு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். வழியெல்லாம் அம்மா அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பாவின் கண் முதலில் போனது அந்தக் குடத்துக்குத்தான். காலையில் எனக்கு ஊற்றிக் கொடுத்த தண்ணீரின் மிச்சம் அதில் இருந்தது. குடத்தைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தார். பிறகு அந்த ஈரத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிக் கூட்டிவர நான்தான் போக வேண்டியிருந்தது. என்னால் பேச முடியாததும் ஒரு வகையில் நல்லதாயிற்று, பேச முடிந்திருந்தால் ஏதாவது சுருக்கென்று சொல்லியிருப்பேன்.

மதுரையில் பதினோரு நாள் படுத்திருந்தேன். வார்டில் சேர்ந்த அன்றைக்கு ஒரு பயிற்சி டாக்டர் அட்டையோடு வந்து விவரம் கேட்டார். அப்பா அம்மா சொந்தமா என்றார். அம்மா, அத்தை மகனத்தான் கட்டினேன் என்றாள். கூடப் பிறந்தவர்கள்? அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாதான் பதில் சொன்னார்.

"ஒரு பய இருந்தான். குடிச்சே செத்தான்."

டாக்டர் அதை எழுதப் போனார். அண்ணன் குடிக்கவில்லை என்றேன் நான். வெறும் சத்தமாகத்தான் வந்தது. மறுபடியும் சொன்னேன். டாக்டர் பரிதாபமாகப் பார்த்தார், தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்தார் போலும். மூன்றாம் முறை கட்டில் சட்டத்தில் கையை அடித்துக்கொண்டு சொன்னேன். அம்மா நிமிர்ந்தாள்.

"குடிக்கலன்னு சொல்லுதா. அவன் குடிக்கல."

அண்ணன் செத்து ஏழு வருஷத்தில் அம்மா அவனுக்காகப் பேசிய முதல் பேச்சு அது. பயிற்சி டாக்டர் பேனாவை நிறுத்தி, எதுவும் எழுதாமல், பெரிய டாக்டரிடம் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

பிறகு பரிசோதனைகள். செம்பை ரத்தத்தில் சுமந்துகொண்டு போக ஒரு புரதம் உண்டாம், அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதில் எவ்வளவு செம்பு போகிறது என்று அளப்பார்கள். பிளாஸ்டிக் கேன் கொடுத்தார்கள். அப்பா அந்தக் கேனை வார்டில் இருந்து லேபுக்கு ஞானஸ்நானத் தண்ணீரை எடுத்துப் போகிற பக்தியோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவ்வளவு கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தாம் நாள் பெரிய டாக்டர், முன்பு இரும்பு என்று சொன்ன அதே டாக்டர், கட்டிலுக்கே வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செம்புதான் என்றார். அன்றைக்கே அந்தக் கண் மெஷினில் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லாமல் விட்டது தப்பு என்றார். டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நாம் தின்னும் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது. உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை ஈரல் வெளியே தள்ளிவிடும். எனக்குப் பிறவியிலேயே அந்தத் தள்ளுகிற வேலை நடக்கவில்லை. வருஷக்கணக்கில் சேர்ந்து முதலில் ஈரல் நிறைகிறது, பிறகு வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. செம்பு கெடுத்த இடத்தில் இரும்பும் வந்து தங்கும், வெள்ளை வயர்களும் நையும். ஸ்கேனில் தெரிந்தது பொய்யில்லை, ஆனால் அது பின்னால் வந்தது. அப்பாவிடம் பாதிக் குறை, அம்மாவிடம் பாதிக் குறை, தனித்தனியாக இருந்தால் ஒன்றும் செய்யாது. சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர வழி கூடுதல். லேத் மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்பாவைப் பார்த்து அழுத்திச் சொன்னார். செம்புக் குடத்தைப் பற்றி அம்மா கேட்டாள். அது கொஞ்சம் கூட்டியிருக்கும், ஆனால் குடம் இல்லாவிட்டாலும் இந்த நிலைமைக்கு வந்திருப்பாள், அதை நினைத்து மனசை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார்.

பிறகு அண்ணனைப் பற்றிக் கேட்டார். எத்தனை வயதில் ஆரம்பித்தது, கையெழுத்து எப்படி, பேச்சு எப்படி, நடை எப்படி. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண் மஞ்சளானதைச் சொன்னாள், வயிறு உப்பியதைச் சொன்னாள். டாக்டர், பரிசோதிக்காமல் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அவனுக்கும் இதேதான் இருந்திருக்க வேண்டும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் குடிப்பழக்கம் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டார்.

"நாந்தான் சொன்னேன்" என்றார் அப்பா. "அவிய கேட்டாவ. குடிப்பானான்னு. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

டாக்டர் அப்பாவின் தோளில் கையை வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. நானும் அவரைச் சாப்பிடு என்று சொல்லவில்லை. இதை எழுத வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மருந்து ஒரு கேப்ஸ்யூல். வெறும் வயிற்றில் போட வேண்டும், அது செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிடும். கூடவே ஒரு வைட்டமின் மாத்திரை. வாழ்நாள் முழுக்க. ஈரல், நண்டு, முந்திரிப்பருப்பு எல்லாம் கூடாது. ஈரல் கறிக்கு எங்கள் வீட்டில் நடக்கும் போட்டியில் நான் நிரந்தரமாகத் தோற்றேன். முதலில் நோய் கூடின மாதிரி தெரியும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். எச்சரித்தும் என்ன, வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் எனக்குக் குரலே நின்றுபோனது. விழுங்கவும் கஷ்டம். அம்மா கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஸ்பூனில் கொடுத்தாள். இதுதான் முடிவு, மருந்து இருக்கு என்றது நமக்கு இல்லை போலிருக்கிறது என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்பா மட்டும் விடவில்லை. மில்லில் மூன்று மாதம் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, வேளை தவறாமல் கேப்ஸ்யூலும் தண்ணீருமாக வந்து நின்றார். எவர்சில்வர் டம்ளர்.

நாலாவது மாதத்தில் ஒரு காலையில் தலையணை காய்ந்திருந்தது. சும்மா ஒரு காய்ந்த தலையணை. அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவளும் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்தது. முதலில் விழுங்குவது, பிறகு நடை, பிறகு பேச்சு. கைதான் ரொம்பப் பிகு பண்ணிக்கொண்டு கடைசியாக வந்தது. தோசைக்கல்லைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் திருப்பி வாங்கினோம். செம்புக் குடத்தை அவருக்கே கொடுத்துவிட்டோம், அவர் பயந்தார். செம்பு எல்லாருக்கும் விஷமில்லை, எனக்கு மட்டும்தான் ஆகாது என்று விளக்கிச் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஒரு வருஷத்தில் நான் இன்ஸ்டிடியூட்டுக்குத் திரும்பினேன், பழைய வேகத்தில் முக்கால் வேகம். போதும்.

திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அப்பா இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் படி ஏறியதில்லை. பேட்ச் முடியும்வரை ஓரமாக நின்றார். எல்லாரும் போனபின், சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, இதைத் தமிழ் மெஷினில் அடித்துத் தா என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மனு. பென்சிலில் எழுதி எழுதி அழித்திருந்தார். மூன்று முறை அடித்தேன். இரண்டு முறை தப்பு வந்ததற்கு விரல் காரணமில்லை.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அவர் மட்டும் போனார். பழைய சீட்டுகளையெல்லாம் எப்போதோ கழித்துவிட்டோம், திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்று அங்கே ரெக்கார்டு அறையில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இதையாவது வாங்கி வையுங்கள் என்று அப்பா அங்கேயே நின்றிருக்கிறார். மத்தியானம் வரை நின்றிருக்கிறார். கடைசியில் அந்த கிளார்க் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாராம்.

சாயங்காலம் அந்த நகலை அம்மா கையில் கொடுத்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், இப்போது கண்ணும் நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன்.

"ஐயா, என் மகன் தானியேல் தங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தபோது, அவனுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று நான் சொன்னேன். அது தவறு. அவன் குடித்து நான் பார்த்ததில்லை. அவன் வாயில் ஒரு நாளும் வாடை இருந்ததில்லை. தினமும் சோதித்த எனக்கு அது தெரியும். பெற்ற தகப்பன் சொன்னதால் டாக்டர்கள் நம்பிவிட்டார்கள். என் மகன் குடிக்காதவன் என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு சொல்லும் குழறாமல் வாசித்து முடித்தேன். அப்பா சுவரில் சாய்ந்து கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா வாசிட்டி" என்றாள். "செத்த சத்தமா வாசி. தெருவுக்குக் கேக்கட்டும்."

அப்பா எழுந்துபோய் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்துவைத்தார்.